அக்குளில் தையல் இல்லை

கடைக்குள் போனதும் நான் செய்த முதல் காரியம், தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஸ்வெட்டரை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டியதுதான். பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து அக்குள் வரை தடையே இல்லாமல் ஒரே பின்னல். அக்குளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அப்படியே. தோள்பட்டையிலும் ஒன்றுமில்லை. ஒரு ஸ்வெட்டரில் எங்கெங்கே தையல் தட்டுப்படும் என்பது என் விரலுக்குப் பழக்கம். அந்த இடங்களிலெல்லாம் விரல் எதிலும் இடறாமல் போய்க்கொண்டே இருந்தது.

ஐஸ்லாந்தில் மோஸ்ஃபெல்ஸ்பையர் என்றொரு சின்ன ஊர். தலைநகர் ரெய்க்யாவிக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பஸ்ஸில் போய்விடலாம். செப்டம்பர் மாதம். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஆலாஃபோஸ் என்ற பழைய கம்பளி ஆலையின் கட்டடத்தில்தான் அந்தக் கடை. பக்கத்திலேயே சின்னதாக ஓர் அருவி. ஆற்றின் பெயர் வார்மா, வெதுவெதுப்பான ஆறு என்று பொருள். 1896-ல் இந்த அருவியின் வேகத்தை நம்பித்தான் இங்கே கம்பளி இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்றைக்கு நாட்டின் கம்பளியை நூலாக்குகிற ஈஸ்டெக்ஸ் நிறுவனம் 1991-ல் தொடங்கியது. அதன் நூற்பாலையும் இதே ஊரில்தான்.

குன்னூரில் வளர்ந்தவளுக்கு ஸ்வெட்டர் ஒன்றும் புதிதல்ல. நவம்பர் பிறந்தால் அம்மா கையில் ஊசி ஏறிவிடும். முதுகு ஒரு துண்டு, முன்பக்கம் ஒரு துண்டு, கை இரண்டு. நான்கையும் தனித்தனியாகப் போட்டு முடித்து, கட்டிலில் விரித்து வைத்து, மொட்டை ஊசியில் அதே நூலைக் கோத்துச் சேர்த்துத் தைப்பார். மகள் ரெய்க்யாவிக்கில் படிக்கிறாள். அவளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியபோது, அம்மா எனக்காக இருபது வருஷத்துக்கு முன்னால் போட்டுக்கொடுத்த மெரூன் ஸ்வெட்டரைத்தான் எடுத்துப் போனேன். இடது அக்குளில் தையல் பிரிந்து, தைத்து, மறுபடியும் பிரிந்த இடம் ஒன்று அதில் உண்டு. பெட்டியைத் தூக்கி மேலே வைக்கும்போதெல்லாம் அந்த இடம் சுருக்கென்று இழுக்கும். தையலே இல்லாத ஸ்வெட்டர் இந்த நாட்டில்தான் என்று மகள் சொன்னதும் நான் பஸ் ஏறியதற்கு அந்த இழுப்பும் ஒரு காரணம்.

ஊர்க்காரர்கள் இதை லோப்பபேய்ஸா என்கிறார்கள். லோப்பி என்றால் அவர்கள் ஊர்க் கம்பளி நூல், பேய்ஸா என்றால் ஸ்வெட்டர். கழுத்திலிருந்து தோள் வரை, மாலை போட்டதுபோல, வட்ட வட்டமாகக் கோலம் இறங்கியிருக்கும். பார்த்தால் கடலோடிகள் காலத்திலிருந்து வந்த சொத்துபோலத் தோன்றும். உண்மையில் இந்த வடிவம் 1950-களில்தான் பரவியது. வெளிநாட்டு ஆயத்த உடைகள் வந்து குவிந்த பிறகு, நம் ஆட்டுக் கம்பளியை என்ன செய்வது என்று யோசித்த பெண்களின் கையில் பிறந்தது. கிரீன்லாந்துப் பெண்கள் விழாக்களில் அணியும் அகலமான மணிக் கழுத்தணியின் சாயல் இதில் உண்டு. ஸ்வீடனின் போஹுஸ் ஸ்வெட்டர்களின் சாயலும் உண்டு. 1955-ல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னஸின் மனைவி அவுதுர் லாக்ஸ்னஸ்தான் இதற்கு வழிகாட்டி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் பெயரில் எழுதி வைக்க முடியாத பொருள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் வாசல் கோலத்தை யார் கண்டுபிடித்தார் என்று யாரைக் கேட்பது?

பின்னியவர் யாராக இருந்தாலும், பெயரைக் காப்பாற்ற வேண்டிய நிலை பிறகு வந்தது. 2008-ல் வங்கிகள் சரிந்தபோது ஐஸ்லாந்துக்காரர்கள் மறுபடி ஊசியைத் தேடி எடுத்தார்கள். அதை அடுத்துச் சுற்றுலாக்காரர்கள் வந்து குவிந்தார்கள். ஸ்வெட்டருக்குக் கிராக்கி ஏறியது. கம்பளியை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே பின்னி வரவழைத்து விற்பதும் கூடவே பெருகியது. 1977-ல் பின்னுகிறவர்களே சேர்ந்து ஆரம்பித்த கைப்பின்னல் சங்கம் ஒன்று ஐஸ்லாந்தில் இருக்கிறது. வெளியே பின்னி வரவழைப்பது இங்கே கையால் பின்னுகிறவர்களின் வயிற்றில் அடிக்கிற காரியம் என்ற குரல் எழுந்து, 2020-ல் ‘ஐஸ்லாந்து லோப்பபேய்ஸா’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. நிபந்தனைகள் தெளிவானவை: ஐஸ்லாந்து ஆட்டின் புதுக் கம்பளியாக இருக்க வேண்டும், ஐஸ்லாந்திலேயே கையால் பின்ன வேண்டும், கழுத்தைச் சுற்றி வட்டக் கோலம் வேண்டும், வட்டமாகவே, தையல் இல்லாமல் பின்ன வேண்டும். தையல் இல்லாமல் என்பதை ஒரு நாடு சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

விலைக்கு வாங்க எனக்கு மனமில்லை. எப்படிப் பின்னுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், முடிந்தால் ஒன்று போட்டுவிட வேண்டும். கடையில் விசாரித்தபோது, அதே ஊரில் பின்னல் சொல்லித்தரும் ஒரு பெண்மணியைக் கைகாட்டினார்கள். நான்கு சனிக்கிழமைகள் அவர் சமையலறை மேசையில் உட்கார இடம் கிடைத்தது.

அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுபது தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ‘அம்மா’ என்று என்னையறியாமல் வந்துவிட்டது. சிரித்தார். ஐஸ்லாந்து மொழியில் ‘அம்மா’ என்றால் பாட்டியாம். “நான்கு பேரன் பேத்திகள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் கூப்பிடுங்கள்” என்றார். அதன்பிறகு நான் தமிழில் அம்மா என்பேன், அவர் ஐஸ்லாந்து மொழியில் பாட்டியாக எடுத்துக்கொள்வார்.

டேப்பை எடுத்து என் மார்பளவைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். “உங்களிடம் இருப்பதிலேயே எதைப் போட்டால் உடம்புக்கு இதமாக இருக்கிறது?” என்று கேட்டார். மேலே போட்டிருந்த மெரூன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். மேசையில் மல்லாக்க விரித்து, சுருக்கம் நீக்கி, அக்குளுக்குக் கீழே அளந்தார். 54 செ.மீ. சுற்றளவு 108. என் மார்பளவு 94. ஆக 14 செ.மீ. தளர்வு. “உங்கள் தளர்வு இதுதான். புத்தகம் எட்டு என்னும், பத்து என்னும். உங்கள் உடம்பு பதினான்கு கேட்கிறது.” பிறகு அக்குள் தையலின் மேல் விரலை ஓட்டினார். “நன்றாகத் தைத்திருக்கிறார்” என்றார். பிரிந்துகொண்டே இருக்கிறது என்று நான் குறை சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

நூலைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். ஐஸ்லாந்து ஆட்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம். வெளியே இருப்பது டோக், நீளமானது, சொரசொரப்பானது, தண்ணீரை ஒட்டவிடாது. உள்ளே இருப்பது தெல், பஞ்சுபோல மெல்லியது, சூட்டைப் பிடித்து வைப்பது. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்துத் தளர்வாக முறுக்கினால் லோப்பி. முறுக்கே இல்லாத லோப்பியும் உண்டு. அப்பளம்போல வட்டமாகச் சுற்றி விற்கிறார்கள், கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தால் கையோடு வந்துவிடும். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டியதில்லை. இரண்டு முனையையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையை ஈரமாக்கி, திரி உருட்டுவதுபோல உருட்டினால் ஒட்டிக்கொள்கிறது. நான் உருட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் இழுத்தேன். தாங்கியது. எங்கே ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு அவர் எடுத்துக்கொடுத்தது லெட்லோப்பி என்கிற நடுத்தர நூல். ஒரு கண்டு 50 கிராம், 100 மீட்டர். சாம்பல் நிறத்தில் எட்டு, கோலத்துக்கு வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று. சாயம் போடாத ஆட்டின் சொந்த நிறங்களே வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

மாதிரித் துண்டு போடச் சொன்னபோது முதல் பாடம் கிடைத்தது. நான் அம்மாவிடம் கற்றபடி நேர் ஊசியில் ஒரு வரிசை நிட் என்கிற நேர்ப் பின்னல், திருப்பி ஒரு வரிசை பர்ல் என்கிற மறுபக்கப் பின்னல் என்று போட்டேன். தலையை ஆட்டினார். வட்டமாகப் பின்னப்போகிறோம் என்றால் மாதிரியும் வட்டமாகவே இருக்க வேண்டும். இரண்டு ஊசிமுனைகளை நடுவே ஒரு வயரால் இணைத்ததுதான் வட்ட ஊசி. அதில் பின்னல் சுற்றிச் சுற்றிப் போகுமே தவிரத் திரும்பாது. எப்போதும் நல்ல பக்கம்தான் நம்மைப் பார்த்திருக்கும். ஆகவே எப்போதும் நிட்தான், பர்லுக்கு வேலை இல்லை. நிறைய பேருக்கு நிட் போடுகிற இறுக்கத்தில் பர்ல் வராது. அந்த வித்தியாசம் மாதிரியில் கலந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

4.5 மி.மீ. ஊசியில், நம் ஊர்க் கணக்கில் ஏழாம் நம்பர், எனக்கு 10 செ.மீ.க்கு 17 கண்ணி வந்தது. வரவேண்டியது 18. ஒரு கண்ணிதானே என்றேன். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 108 செ.மீ.க்கு 18 வீதம் 194 கண்ணி. அதே 194 கண்ணியை என் கை 17 வீதம் போட்டால் சுற்றளவு 114 செ.மீ. ஆகிவிடும். கேட்ட தளர்வு 14, கிடைக்கும் தளர்வு 20. தொளதொளப்பு வேறு, தளர்வு வேறு. நான் 4 மி.மீ. ஊசிக்கு, நம் எட்டாம் நம்பருக்கு, இறங்கினேன். 18 வந்தது.

194 கண்ணி ஏற்றி, இரண்டு முனையையும் சேர்த்து வட்டமாக்க வேண்டும். சேர்க்கும் முன் எல்லாக் கண்ணியின் அடியும் ஊசியின் உள்பக்கம் பார்த்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பார்த்ததாகத்தான் நினைத்தேன். மூன்று சுற்று முடிந்து விரித்தபோது பட்டை எங்கோ ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு நின்றது. பாவாடை நாடா முறுக்கிக்கொண்டால் நீவி நேராக்கிவிடலாம். இந்த முறுக்கு நேராகவே ஆகாது, வட்டத்துக்குள் பூட்டிக்கொண்டது. முழுவதையும் பிரித்தேன். 194 கண்ணியை மறுபடி ஏற்றினேன். இருட்டிவிட்டது.

கீழ்ப்பட்டை ஒரு நிட், ஒரு பர்ல். அதற்கு மேல் அக்குள் வரை வெறும் நிட். 10 செ.மீ.க்கு 24 சுற்று, 40 செ.மீ.க்கு 96 சுற்று. ஏறத்தாழ 18,600 கண்ணி. மகளின் அறையில் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து போட்டேன். இந்தப் பகுதியைச் சலிப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி இல்லை. திருப்ப வேண்டாம், வரிசை எண்ண வேண்டாம், பர்ல் வராது. கை ஓடிக்கொண்டிருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். அம்மா சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கொண்டே பின்னியது ஞாபகம் வந்தது. அவர் வாயும் கையும் வேறு வேறு வேலை செய்யும்.

கைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கட்டுக்கு 40 கண்ணி, உடம்புக் கண்ணியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. மேலே போகப் போக ஏழு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணி கூட்டி, மேல்கைக்கு 66, மூன்றில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் உடம்புச் சுற்றளவின் பங்காகக் கணக்கிடும் இந்த முறையை எலிசபெத் ஜிம்மர்மன் என்ற பின்னல்காரர் உலகம் முழுக்கப் பரப்பினார். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். கண்ணீர் விடாமல் பின்னலாம் என்று தலைப்பிலேயே தைரியம் சொல்லும் அவருடைய புத்தகம் 1971-ல் வந்தது. பாட்டியின் அலமாரியில் அது முதுகு கிழிந்து இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமைக்காகத்தான் நான் அத்தனை ராத்திரியும் விழித்திருந்தேன்.

உடம்பு ஒரு குழாய், கைகள் இரண்டு சின்னக் குழாய். மூன்றையும் மேசையில் வைத்தார். உடம்பில் இரண்டு பக்கமும் அக்குளுக்குப் பத்துப் பத்துக் கண்ணியை மிச்ச நூலில் கோத்து நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு கையிலும் அதேபோல் பத்து. பிறகு ஒரே நீள வட்ட ஊசியை எடுத்து, முதுகு, இடது கை, மார்பு, வலது கை என்று வரிசையாகப் பின்னிக்கொண்டே வரச் சொன்னார். உடம்பில் 174, கைகளில் 56-ம் 56-ம். மொத்தம் 286. ஒரே சுற்று. அந்தச் சுற்று முடிந்தபோது மேசையில் இருந்தது மூன்று குழாய் இல்லை. கழுத்து மட்டும் இல்லாத ஒரு ஸ்வெட்டர், கைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தைக்காமலே ஒட்டிவிட்டது என்பது எனக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆனது. அம்மாவுக்குத் தைப்பதற்கே ஒரு பகல் பிடிக்கும்.

கோலம் எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை திரும்பி வருவது. 286 எட்டால் வகுபடாது. முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று கூட்டி 288 ஆக்கினோம். முப்பத்தாறு எட்டு. இனி கோலம் ஏற ஏற ஒவ்வொரு எட்டும் ஏழாகும், ஆறாகும், ஐந்தாகும். ஒவ்வொரு முறையும் முப்பத்தாறு கண்ணி குறையும். 288, 252, 216, 180. குறைக்கிற சுற்றுகளைக் கோலத்தின் இடைவெளியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பூ சிறிதாகிக்கொண்டே போவதாகத்தான் தெரியும். தோள் சரிவதற்கு வெட்டும் தையலும் வேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே பூ சிறுத்தே தோளை வளைத்துவிடுகிறது.

இரண்டு நிறத்தை ஒரே சுற்றில் போடும்போது கையில் இல்லாத நிறம் பின்னால் நூலாக ஓடும். பாட்டி இடது கையில் நூலைப் பிடித்து ஊசிமுனையால் கொத்தி எடுப்பவர். நான் அம்மா வழியில், வலது கையால் நூலை ஊசிமேல் வீசிப் போடுகிறவள். முதல் நாளிலிருந்தே என் முறையைக் கேள்வியோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிறம் வந்ததும் சாம்பல் நூலை என் வலது கையில் கொடுத்தார், வெள்ளையை இடது கையில் மாட்டிவிட்டார். “வலது கையில் உங்கள் அம்மா. இடது கையில் நான்.” அரைமணி நேரம் இடது கை மரத்துப்போய் நின்றது. அப்புறம் வந்துவிட்டது. வலது வீசும், இடது கொத்தும், நூல் ஒன்றோடொன்று சிக்காது.

ஆனால் ஆறு சுற்று போனதும் கோலம் சுருங்கிக்கொண்டு நின்றது, சுருக்குப் பையின் வாய்போல. பின்னால் ஓடுகிற நூலை நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். நிறம் மாற்றுவதற்கு முன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் நன்றாகப் பரத்தி விட்டு, அதன் அகலத்துக்கு நூலை ஓடவிட வேண்டும். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடுவதானால் நடுவில் ஒருமுறை இரண்டு நூலையும் பின்னிவிட வேண்டும், இல்லையென்றால் போடும்போது விரல் மாட்டும். ஆறு சுற்றையும் பிரித்தேன். ஒவ்வொரு சுற்றும் இருநூற்றைம்பதுக்கு மேல். பிரித்த லோப்பி சுருள் சுருளாக மேசையில் குவிந்தது, அதையே திரும்பப் பின்னினேன். நொந்துபோகவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது.

108 கண்ணி இருக்கும்போது நிறுத்தச் சொன்னார். கண்ணிகளை எல்லாம் நீள நூலில் இறக்கி, “போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். கழுத்து முடியாத ஸ்வெட்டர், தொங்கும் நூல்கண்டோடு. கண்ணாடி முன் நின்றேன். மார்பு சரி, கை சரி. ஆனால் முன்கழுத்து தொண்டையை முட்டியது, பிடரியில் காற்று புகுந்தது. மனிதக் கழுத்து குழாயின் நடுவில் நேராக நிற்பதில்லை, முன்னால் சாய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே உயரமாக வட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். கோலத்துக்கு மேல், பின்கழுத்தில் மட்டும் பாதிச் சுற்றாகப் போய்த் திரும்பி வரச் சொன்னார், மூன்று முறை. பட்டைகளை விட்டால் அங்கே மட்டும்தான் பர்ல் வந்தது. பிடரிப் பக்கம் ஒரு விரல் அகலம் உயர்ந்தது. இரண்டாம் முறை போட்டேன். உட்கார்ந்தது.

துண்டு துண்டாகப் போட்டிருந்தால் இது தைத்து முடித்த பிறகுதான் தெரிந்திருக்கும். வட்டமாகப் பின்னுகிறவர்களுக்கு வழியிலேயே உடம்பைக் கேட்டுக்கொள்ள முடிகிறது. தையல் இல்லாததில் இருக்கிற பெரிய வசதி இதுதான் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அன்றைக்குக் கிளம்பும்போது தையலைப் பற்றி நான் மறுபடி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், இனி தைக்கவே மாட்டேன் என்பதுபோல. பாட்டி உள்ளே போய் ஒரு நீல ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார். பருத்தி நூலில், இதே முறையில், தையலில்லாமல் அவர் மகளுக்குப் போட்டது. மகளுக்கு இடுப்பளவு இருக்கும்படி பின்னியதாம். என் மேல் வைத்துப் பிடித்தார். தொடைக்குக் கீழே தொங்கியது. தோள் முழங்கையை நோக்கி இறங்கியிருந்தது.

“லோப்பி ரோமம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தன் எடையைத் தானே தாங்கும். பருத்திக்கு அந்தப் பிடி இல்லை. வழுக்கும், கனக்கும், இறங்கிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நூலுக்குத் தையல்தான் எலும்பு.” என் மெரூன் ஸ்வெட்டரின் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். “இது என்ன நூல்?”

அக்ரிலிக். எங்கள் ஊரில் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற நூல் அதுதான்.

“இருபது வருஷமாகத் தோள் இறங்கவில்லை, பாருங்கள்.”

பஸ்ஸில் வரும்போது அந்தத் தோள் தையலைத் தடவிக்கொண்டே வந்தேன். அக்குளில் பிரிந்த இடத்தை மட்டும்தான் இத்தனை வருஷமும் நான் கவனித்திருக்கிறேன்.

கடைசி சனிக்கிழமை கழுத்துப்பட்டை முடிந்தது, 80 கண்ணியில். மிச்சம் அக்குள். நிறுத்தி வைத்த பத்தும் பத்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. மொட்டை ஊசியை எடுத்தபோது, இதுவும் தையல்தானே என்றேன். இல்லை. ஊசி நூலைக் கண்ணிக்குள் விட்டு, அடுத்த கண்ணியில் எடுத்து, எதிர்ப்பக்கம் போய் வருகிற பாதை, பின்னலில் நூல் போகிற அதே பாதை. இரண்டு வரிசைக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பின்னல் வரிசை முளைக்கிறது. இறுக்கக் கூடாது, மற்றக் கண்ணிகளின் அளவுக்கு விட வேண்டும். இரண்டு மூலையிலும் சின்ன ஓட்டை தெரியும், வால் நூலால் அதையும் இழுத்து மூடிவிட்டார். உள்ளே புரட்டி விரலை ஓட்டினேன். இருந்தது எங்கே என்று தெரியவில்லை.

பிறகு குளியல். வெதுவெதுப்பான தண்ணீர், கம்பளிச் சோப்பு கொஞ்சம். அங்கே வெந்நீர் பூமிக்கடியிலிருந்து குழாயில் வருகிறது, லேசாகக் கந்தக வாசனை. ஸ்வெட்டர் நனைந்ததும் ஆட்டு வாசனையும் அதோடு சேர்ந்தது. தேய்க்காமல், பிழியாமல், துண்டில் சுருட்டி மேலே மிதித்து ஈரம் எடுத்து, தரையில் இன்னொரு துண்டு போட்டு, 54 செ.மீ. அகலத்துக்கு இழுத்து விரித்தோம். தொங்கப் போட்டால் நீளும். இரண்டு நாளில் காய்ந்தது. ஏறி இறங்கியிருந்த என் கண்ணிகளெல்லாம் ஒரே சீராகிவிட்டன. ரோமம் பூத்து இடைவெளியை மூடியிருந்தது. ஆரம்பத்தில் கழுத்தில் குத்திய நூல் பாதியாக அடங்கியிருந்தது. முழுதாக அடங்கவில்லை. மெல்லிய தோல்காரர்கள் உள்ளே சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். கீழ்ப்பட்டை கொஞ்சம் மேலே ஏறியது. வட்டத் தோளில் அது இருக்கத்தான் செய்யும். அக்குளில் இழுப்பு இல்லை.

அன்று ராத்திரி குன்னூருக்கு வீடியோ கால் போட்டேன். போனைக் கிட்டே கொண்டுபோய் அம்மாவுக்கு உள்பக்கத்தைக் காட்டினேன். நல்ல பக்கத்தை அவர் கேட்கவே இல்லை.

“தையலே இல்லியாடி? தோள் எறங்கிடாதா?”

கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்று பாட்டி சொன்னதைச் சொன்னேன்.

“அதானே. நம்ம அக்ரிலிக்கு தொங்கிடும். அதுக்குத்தான் தோள்ல ரெண்டு தரம் தைப்பேன். அக்குள்ள ஒரு தரம்தான் தைப்பேன், கையத் தூக்கணும்ல.”

அக்குளில் ஒரு தரம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. அவர் திரையில் கண்ணைச் சுருக்கிக் கோலத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

“எத்தனை கண்டு புடிச்சுது?”

“பத்து.”

“பதினொண்ணா வாங்கிட்டு வா. ஊசி என்ன நம்பர்?”

“எட்டு.”

“எனக்கு ஏழு. என் கை உன்னவிட இறுக்கம்.”